ஒன்லைனில் பெர்மாகல்ச்சர் படித்தால் நம் மலைக்கு ஆகுமா?

கேள்வி, 2024 பெப்ரவரி 11

தலவாக்கலைப் பக்கம் இருக்கிறேன். ஏழு பேர்ச் வீட்டுக் காணி. அதற்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமான ஒரு சரிவு, அதில் அம்மா கீரையும் போஞ்சியும் போடுகிறார். பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கைப் பார்த்து நிலத்தையும் பயிரையும் வடிவமைக்கும் முறை, அதற்கான டிசைன் கோர்ஸ் ஒன்றை ஒன்லைனில் பார்த்தேன். 72 மணித்தியாலம், கடைசியில் சான்றிதழ், கட்டணம் டொலரில். வீடியோ எல்லாம் பாலைவனமும் அவுஸ்திரேலியாப் பண்ணையும்தான். நம் மலைக்கு இது ஆகுமா? மச்சான், "வெள்ளைக்காரன் பொழுதுபோக்குக்குக் காசு கட்டாதே" என்கிறான். படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2024 பெப்ரவரி 12

தம்பி, ஆகும். நான் படித்திருக்கிறேன். பண்டாரவளைக்குக் கீழே ஒரு சரிவில் இருபது பேர்ச் காணியில் அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன். ஆனால் உங்கள் மச்சான் பேச்சிலும் விஷயம் இருக்கிறது. கோர்ஸ் சொல்லிக்கொடுக்கிற யோசிக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கோர்ஸில் காட்டுகிற மண்வெட்டி வேலையை அப்படியே கொண்டுவந்து நம் மலையில் செய்யாதீர்கள்.

இது எங்கே பிறந்தது என்று பாருங்கள். 1970களில் தஸ்மேனியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் சேர்ந்து தொடங்கியது, முதல் புத்தகம் வந்தது 1978இல். அவுஸ்திரேலியாவின் பெரும்பகுதி வறண்ட நிலம். விழுகிற மழையை ஒரு சொட்டும் விடாமல் மண்ணுக்குள் இறக்குவதுதான் அங்கே முதல் கவலை. நீங்கள் பார்த்த பாலைவன வீடியோ அநேகமாக ஜெஃப் லோட்டன் என்ற பெர்மாகல்ச்சர் ஆசிரியர் ஜோர்தானில் சாக்கடல் பக்கம் செய்த வேலையாக இருக்கும். அருமையான வேலைதான். ஆனால் நம் வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கே தண்ணீர் போதாது என்பது கவலை, இங்கே தண்ணீர் மலையையே இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்பது கவலை.

அப்படியானால் எதற்குப் படிக்க வேண்டும்? வரிசைக்காக. பி. ஏ. யோமன்ஸ் என்ற அவுஸ்திரேலியர் ஒரு வரிசை போட்டு வைத்திருக்கிறார்: காலநிலை, நிலத்தின் உருவம், தண்ணீர், பாதை, மரம், கட்டடம், வேலி, கடைசியில் மண். மாற்றவே முடியாததில் தொடங்கி எளிதில் மாற்றக்கூடியதில் முடிகிறது. நம் ஆட்கள் எல்லோரும் பின்பக்கமிருந்துதான் தொடங்குகிறோம். முதலில் மண்ணைக் கொத்திப் பசளை போடுகிறோம், நாற்று வைக்கிறோம், அப்புறம் ஐப்பசி மழையில் பாத்தி முழுக்க ஆற்றோடு போன பிறகுதான் தண்ணீரைப் பற்றி நினைக்கிறோம். கோர்ஸ் இந்த ஒன்றை மட்டும் எனக்குள் பதித்திருந்தாலும் அதற்கே காசு கொடுக்கலாம்.

காசு கட்டுவதற்கு முன்னால் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இலவச அறிமுகக் கோர்ஸ் ஒன்றை வெளியிட்டது, நடத்தியவர் அண்ட்ரூ மில்லிசன். படம் வரைந்து வரைந்து பேசுவார், ஆங்கிலம் கொஞ்சம் தட்டினாலும் புரியும். அதைப் பார்த்து முடித்த பிறகும் ஆசை இருந்தால் காசு கொடுங்கள்.

2024 பெப்ரவரி 13

டேட்டா பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வீடியோவை டவுன்லோட் செய்ய விடுகிற கோர்ஸாகத் தேர்ந்தெடுங்கள். மழை நாளில் எங்கள் பக்கம் சிக்னல் போய்விடும், கரண்டும் போகும். நேரலை வகுப்புகளை நம்பிச் சேர்ந்தால் பாதி கையை விட்டுப் போய்விடும். பதிவு செய்த பாடம், எழுத்தில் குறிப்பு, எழுதிக் கேட்டால் பதில் எழுதும் ஆசிரியர், இந்த மூன்றும் இருந்தால் போதும்.

2024 பெப்ரவரி 18

கொட்டகலையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார், "வீடியோவில் வடக்குப் பக்கம் வெயில் என்கிறார்கள், இன்னொன்றில் தெற்குப் பக்கம் என்கிறார்கள், எது சரி?"

இரண்டும் அவரவர் நாட்டுக்குச் சரி. அவுஸ்திரேலியாவில் சூரியன் வடக்கில் சாய்ந்து நிற்கும், அமெரிக்காவில் தெற்கில். நாம் இருப்பது வடக்கே ஏறக்குறைய 7 பாகையில். ஏப்ரல் முதல் பாதியிலும் ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்திலும் மத்தியான வெயில் நேரே உச்சந்தலையில் விழும். ஜூனில் சூரியன் உச்சியிலிருந்து 16 பாகை அளவு வடக்கே தள்ளி நிற்கும், டிசம்பரில் 30 பாகை அளவு தெற்கே. அதாவது வீட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறி வெயில் படும். கண்ணாடிச் சுவர் வைத்து வெயிலைப் பிடிக்கும் பாடத்தை நாம் தைரியமாகத் தாண்டிப் போகலாம்.

நமக்குத் திசையை விட மலையும் மேகமும்தான் பெரிது. மத்தியானத்துக்குப் பிறகு மூடிக்கொள்ளும் ஊரில் கிழக்கே பார்த்த சரிவுக்குக் காலை வெயில் முழுசாகக் கிடைக்கும். மேற்கே பார்த்த சரிவு மலை நிழலில் பத்து மணி வரை ஈரமாகவே கிடக்கும், உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் கருகல் நோய் அங்கேதான் முதலில் வரும். நுவரெலியாப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. ஜனவரி, பெப்ரவரி இரவில் குளிர்ந்த காற்று பாரமாகிப் பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். தரைப்பனி விழுந்து கொழுந்து கருகுவது மேட்டில் குறைவு, பள்ளத்தில் அதிகம். ஆகவே பனிக்குப் பயந்த பயிரைச் சரிவின் நடுவில் வையுங்கள். பள்ளத்தின் வாயில் அடர்த்தியாக வேலி மரம் வைத்துக் குளிர்காற்று வெளியேறும் வழியை அடைக்க வேண்டாம்.

கோர்ஸில் இதை செக்டர் வரைபடம் என்பார்கள். வெளியிலிருந்து உங்கள் காணிக்குள் வருகிறதெல்லாம், வெயில், காற்று, மழை, நெருப்பு, மிருகம், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு தாளில் அம்பு போட வேண்டும். ஊவாப் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவத்தில் மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்றுக்கு ஒரு தடித்த அம்பு. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் என்றால் அதே மாதங்களில் மழைக்கு ஒரு தடித்த அம்பு. ஒரே பருவம்தான், மலைக்கு இந்தப் பக்கம் தேயிலைக்கு வாசனை வரும் வறட்சி, அந்தப் பக்கம் ஓயாத மழை. எந்த வெளிநாட்டு ஆசிரியருக்கும் இது தெரியாது, அதை நாம்தான் வரைய வேண்டும்.

2024 மார்ச் 3

சுவேல் வெட்டலாமா என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இதை நிதானமாக எழுத வேண்டும் என்று தள்ளி வைத்திருந்தேன்.

சுவேல் என்றால் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில், இம்மியும் சாய்வு இல்லாமல் வெட்டும் அகழி. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் மேடாகப் போடுவார்கள். மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் அதில் விழுந்து எங்கும் போக முடியாமல் நின்று மண்ணுக்குள் இறங்கும். மேட்டில் மரம் வைத்தால் அந்த ஈரத்தைக் குடித்து வளரும். பெர்மாகல்ச்சர் என்றாலே இதுதான் என்கிற அளவுக்கு வீடியோக்களில் வரும்.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கான், அதாவது மழைத்தண்ணீர் வடியும் வாய்க்கால், வெட்டும் வேலையில் இருந்தவர். அவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். "தண்ணி எங்க போகும்?" என்று கேட்டார். மண்ணுக்குள்ளே போகும் என்றேன். "அப்புறம் எங்க போகும்?" என்றார்.

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நம் மலையில் பதில் வேண்டும். சரிவான மலையில் மேல்மண்ணுக்கு அடியில் பாறையோ இறுகிய களியோ கிடக்கும். உள்ளே இறங்கும் தண்ணீர் அங்கே தடுக்கப்பட்டுத் தேங்கும். மண் ஊறிப் பாரமாகும். மண் துகள்களுக்கு நடுவில் தண்ணீரின் அழுத்தம் ஏறும்போது ஒன்றை ஒன்று பிடித்திருக்கும் பிடி தளரும், ஒரு கட்டத்தில் சரிவு முழுவதும் நழுவும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடிய மண்சரிவை நம்மில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தொடர்மழையில் ஊறிய சரிவுக்கு மேலே நிற்கும் தண்ணீர் நிறைந்த அகழி என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

நியாயமாகச் சொல்வதென்றால், நல்ல ஆசிரியர்கள் இதை மறைப்பதில்லை. ஏறக்குறைய 15 பாகைக்கு மேல் சரிவு இருந்தால் சுவேல் வேண்டாம், மரத்தால் மூடு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது பாடத்தில் ஒரு வரி. அகழி வெட்டும் காட்சியோ அரை மணி நேரம். பார்க்கிறவன் மனதில் எது தங்கும்? நம் காணிகளில் முக்கால்வாசி அந்த எல்லையைத் தாண்டியவை.

தேயிலைத் தோட்டத்துக் கான் வேறு வகை. அது சரிவுக்குக் குறுக்கே போகும், ஆனால் சமமட்டத்தில் போகாது, மெல்லிய இறக்கம் இருக்கும். தேயிலைக்குச் சொல்லப்படும் கணக்கு 120க்கு 1, அதாவது 120 அடி நடந்தால் 1 அடி இறக்கம். கானுக்குள்ளேயே இடைக்கிடை கொஞ்சம் மண்ணை வெட்டாமல் குட்டைத் தடுப்பாக விட்டுவிடுவார்கள். தண்ணீர் அந்தக் குழியில் நின்று, தூக்கி வந்த மண்ணை இறக்கிவிட்டு, தடுப்புக்கு மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். கடைசியில் கல் பதித்த பெரிய கானில் சேர்ந்து ஓடைக்கு இறங்கும். மழைக்குப் பிறகு குழியில் தங்கிய மண்ணை அள்ளி மேல்வரிசைத் தேயிலை அடியில் போடுவது அப்பாவின் வேலை. மண் மேலே ஏறும், தண்ணீர் கீழே நடந்து போகும். ஊற வேண்டிய அளவு ஊறும், மிஞ்சியது மலையில் தங்காது.

நூறு வருடத்துக்கு மேலாக இந்த மலையை மலையாக வைத்திருப்பதில் இந்தக் கான்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றை வெட்டியவர்கள் எங்கள் அப்பன் பாட்டன்கள். எந்தக் கோர்ஸிலும் அவர்கள் பெயர் வராது. கோர்ஸ் படிக்கிற ஒவ்வொரு மலையகப் பிள்ளையும் முதலில் வீட்டில் இருக்கும் பெரியவரிடம் போய்க் கான் எப்படி வெட்டினீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

2024 மார்ச் 5

மட்டம் பிடிப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு.

ஆளுயரத்துக்கு இரண்டு தடி, குறுக்கே ஒரு தடி, ஏ எழுத்துப் போலக் கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல் தொங்கவிடுங்கள். சமதரையில் நிறுத்தி நூல் குறுக்குத் தடியைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் நூல் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம்.

கானுக்கு இறக்கம் வேண்டுமே. இரண்டு காலுக்கும் நடுவே சரியாக 2 மீற்றர் இருந்தால், 120க்கு 1 என்பது ஒரு எட்டுக்கு 1.7 சென்ரிமீற்றர். அந்தக் கனத்தில் ஒரு பலகைத் துண்டை இறக்கம் போகிற பக்கத்துக் கால் அடியில் கட்டிவிடுங்கள். பிறகு நூல் நடுவில் நிற்கும்படி நடந்துகொண்டே போனால் இறக்கம் தானாக வரும். ஒவ்வொரு எட்டிலும் முளை அடியுங்கள். தோட்டத்தில் இதற்கு ரோட் ட்ரேசர் என்ற கருவி வைத்திருந்தார்கள், மூன்று தடியும் ஒரு கல்லும் அதே வேலையைச் செய்யும்.

கான் போய் முடியும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் போய் முடிகிற கான் வெட்டினால் சண்டைதான் விளையும்.

2024 மார்ச் 24

இன்று விறகு பற்றி.

வெட்டு, அங்கேயே போடு என்பது கோர்ஸில் அடிக்கடி வரும். கிளையைக் கழித்து மரத்தடியிலேயே விட்டால் மக்கிப் பசளையாகும், மண்ணை மூடும், மழைத்துளி நேரே மண்ணில் அடிக்காது. எல்லாம் உண்மை. தேயிலை ஆராய்ச்சிக்காரர்களும் கவ்வாத்து மிலாறை, அதாவது தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகளை, மலையிலேயே விடச் சொல்கிறார்கள். ஆனால் லயத்துக் குசினியில் அடுப்பு எரிவது அந்த மிலாறில்தான். 2022இல் காஸ் வரிசை பார்த்த எவருக்கும் விறகை மண்ணில் போட்டு மக்கவிடு என்று சொல்ல வாய் வராது.

நான் கண்ட வழி இரண்டையும் பிரிப்பது. தடித்த தடி அடுப்புக்கு, இலையும் நுனியும் மண்ணுக்கு. மண்ணுக்கென்றே தனியாக வளர்ப்பது இன்னும் நல்லது. ரோட்டு ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தி யாருக்கும் சொந்தமில்லை, விறகுக்கும் ஆகாது, இலை சீக்கிரம் மக்கும். அதை வேலியோரம் வைத்து விதை பிடிக்கும் முன்னே வெட்டிப் போடுகிறேன். கிளிரிசீடியா கீழ்நாட்டில் பிரமாதமாக வரும், மேலே ஏற ஏற மெலிந்துபோகும். அங்கே தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் டடப் வையுங்கள். அதுவும் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிற இனம், போத்து நட்டாலே வேர் விடும். சவுக்கு மரம் என்று நாங்கள் சொல்கிற கிரெவிலியாவும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். கோர்ஸ் நடத்துகிறவர் ஊர் மரத்தில் நம் ஊர் மிளகுக் கொடி ஏறுகிறது.

மண்ணைப் பற்றியும் ஒன்று. தேயிலை நின்ற மண் புளித்த மண். புளிப்பை அளக்கும் pH எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்கு அந்த எண் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் சுகம், கோவா, பீட்ரூட்டுக்கு 6க்கு மேல் வேண்டும். கூட்டெரு மட்டும் போட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டொலமைட் போடுங்கள். அது சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்த பாறையை அரைத்த தூள்தான், பயப்பட ஒன்றுமில்லை. அடுப்புச் சாம்பலும் உதவும்.

2024 ஏப்ரல் 20

"ஓகானிக் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார்" என்று வெலிமடைத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்.

அவர் எழுந்து போவதில் நியாயம் உண்டு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். அந்த இடைவெளியில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போட்டவர்கள் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. தேயிலையும் விழுந்தது. சேதனப் பசளை என்று மூட்டையில் வந்ததில் என்ன இருந்தது என்பது வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். அந்த மனிதரிடம் போய் நீங்கள் செய்வதெல்லாம் பிழை என்று ஒரு வீடியோவைக் காட்டினால் எப்படிக் கேட்பார்?

பெர்மாகல்ச்சர் படித்தவர்கள் இதில் பொறுப்பாகப் பேச வேண்டும். உயிர் கெட்டுப்போன மண்ணுக்கு ஒரே போகத்தில் மருந்தை நிறுத்தினால் விளைச்சல் படுத்துவிடும். மண் திரும்ப எழும்பப் பல பருவம் எடுக்கும், அந்தக் காலம் முழுவதும் குடும்பம் சாப்பிட வேண்டும். ஒரு பாத்தியில் தொடங்குங்கள், அப்பாவின் பாத்தியைத் தொடாதீர்கள். மாடு வைத்திருந்தால் சாணம், இல்லாவிட்டால் பால் ஊற்றும் வீட்டாரிடம் பேசி வையுங்கள். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் ஐயா பேசிய பேச்சுகள் யூடியூப்பில் நிறைய இருக்கின்றன, அப்பாவோடு உட்கார்ந்து கேளுங்கள். ஆங்கில வீடியோவுக்கு எழுந்து போகிறவர் விவசாயி பாஷையில் பேசினால் உட்காருவார். பஞ்சகவ்யம் போன்றவற்றை அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம், ஆனால் அவர் பேசுவது பெரும்பாலும் சமவெளி நிலத்தை வைத்து. சரிவுக்கு நாம்தான் ஒட்ட வேண்டும்.

2024 மே 26

தலவாக்கலைத் தம்பி இலவசக் கோர்ஸை முடித்துவிட்டு வலயம் பற்றிக் கேட்கிறார். வீட்டை 0 என்று வைத்து, தினமும் போகிற இடம் 1, அடுத்து 2, 3, 4, யாரும் கை வைக்காத காடு 5. "எனக்கு ஏழு பேர்ச்சில் எத்தனை வலயம் வரும் அக்கா?"

ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 177 சதுர மீற்றர். வீடு, கக்கூஸ், பாதை போக மிச்சம் முழுவதும் வலயம் 1தான். அதை வைத்துக்கொண்டு மனம் தளர வேண்டாம், தினமும் கண்ணில் படுகிற இடத்தில்தான் விளைச்சல் அதிகம். வல்லாரை, பொன்னாங்காணி, கொச்சிக்காய், வெங்காயத்தாள் எல்லாம் இஸ்தோப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சட்டி பானை கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு குழி, குழியைச் சுற்றி வாழை. குழிக்குள் குப்பை கூளம், இலை, மட்டை. தலவாக்கலைக் குளிரில் வாழை மெதுவாகத்தான் வரும், வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தண்ணீர் வாசலில் நாறாது.

பின்னால் இருக்கும் தோட்டத்துச் சரிவுதான் சிக்கல். இந்தப் பாடங்கள் எல்லாம் காணி உங்களுடையது என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. பத்து வருடத்தில் காய்க்கும் மரம் வை என்பார்கள். பத்து வருடத்தில் அந்தச் சரிவு யார் கையில் இருக்கும் என்று நம்மில் யாரால் சொல்ல முடியும்? இருநூறு வருடம் இந்த மலையில் வேலை செய்த சனத்துக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமல் நிலத்தை வடிவமைப்பது எப்படி என்று எந்தக் கோர்ஸும் கற்றுத்தராது. காணி உரிமை கிடைக்க வேண்டும், அதற்காகக் குரல் கொடுப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி என்றுதான் நான் நினைக்கிறேன். அதுவரை அந்தச் சரிவில் ஒரு வருடத்துக்குள் கைக்கு வருகிறதைப் போடுங்கள். மண்ணைப் பிடிக்கும் புல் வையுங்கள். மரத்தக்காளி போடலாம், இரண்டு வருடத்துக்குள் காய்க்கும், விட்டுப்போக நேர்ந்தாலும் நெஞ்சு வெடிக்காது.

காட்டுப்பன்றிக்கு என்ன செய்வது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. செக்டர் வரைபடத்தில் அதற்கும் ஒரு அம்பு போடுங்கள். எங்கள் காணிக்கு அது ஓடைப் பக்கமிருந்து வருகிறது, முள்ளம்பன்றியும் அதே வழி. கிழங்கு வகையை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து வீட்டை ஒட்டி வைத்தோம். ஓடைப் பக்கம் மஞ்சளும் இஞ்சியும். முழுசாக நின்றுவிடவில்லை, ஆனால் சேதம் குறைந்தது. குரங்குக்கு இது வேலை செய்யாது.

வாத்து வளர்த்தால் நத்தை போய்விடும் என்று கோர்ஸில் சொன்னதை நம்பி வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊர்க் கீரியையும் நாய்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் அடைக்கக் கூடு முதலில், வாத்து அப்புறம்.

2024 ஜூலை 14

போன வாரம் மாத்தளைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாண வீட்டை விட அந்த வீட்டின் பின்பக்கம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மேலே பலாவும் கித்துலும் தென்னையும். அதற்குக் கீழே கராம்பு, சாதிக்காய், அவகாடோ. மரத்தில் மிளகுக் கொடி. அடியில் கோப்பி, அன்னாசி, இஞ்சி, கீரை. தரையில் ஒரு சாண் இடம் வெயிலில் காயவில்லை. மண்ணைக் கையால் அள்ளினால் ஈரமும் மக்கிய வாசனையும். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா அவர் தோட்டத்தையும் சுற்றிக் காட்டினார், அதுவும் அப்படித்தான். கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்கள் பரம்பரையாக இப்படியே இருக்கின்றன. உணவுக் காடு என்று கோர்ஸில் ஒரு முழு வாரம் படித்தோமே, அது கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகிற பஸ் ஜன்னலில் தெரிகிறது.

இதைப் பார்த்த பிறகு பெப்ரவரியில் எழுதியதோடு ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. காசு கட்டுவதற்கு முன் இலவசக் கோர்ஸைப் பாருங்கள் என்றேன். அதற்கும் முன்னால் ஒரு கண்டித் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். கையில் கொப்பி கொண்டுபோங்கள், எந்த உயரத்தில் எந்த மரம், எதற்கு அடியில் எது என்று வரைந்து வாருங்கள். பிறகு பாடத்தைப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணுக்குள் ஒரு மரம் நிற்கும்.

ஆனால் அப்படியே பெயர்த்து மேலே கொண்டுவர முடியாது. கராம்பும் சாதிக்காயும் பலாவும் நுவரெலியாக் குளிரில் வராது. பண்டாரவளை உயரத்தில் மேல்தட்டுக்கு அவகாடோ, பேரிக்காய், சவுக்கு. நடுத்தட்டுக்குக் கொய்யா, மரத்தக்காளி, அரபிகா கோப்பி. கோப்பியைச் சொன்னால் வயதானவர்கள் சிரிப்பார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து மலை முழுவதும் கோப்பி அழிந்துதானே தேயிலை வந்தது. ஒரே பயிரை ஆயிரக்கணக்கான ஏக்கரில் போட்டதன் விலை அது. இன்று நாம் வைப்பது மரங்களுக்கு நடுவே பத்துச் செடி, நோய் வந்தாலும் மற்றது நிற்கும். மேல்மலையில் தட்டுகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் விடுங்கள். மாத்தளையில் நிழல் வரம், மேகம் மூடிய ஊரில் அதே நிழல் பூஞ்சணத்தைக் கூட்டிவரும்.

2024 ஓகஸ்ட் 9

சான்றிதழால் வேலை கிடைக்குமா? அதை மட்டும் காட்டி இங்கே யாருக்கும் வேலை கிடைத்து நான் பார்க்கவில்லை. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், வெளிநாட்டுத் தொண்டர்களை அழைக்கிறவர்கள் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். விவசாயத்தைத் தொழிலாகப் படிக்க வேண்டுமென்றால் விவசாயக் கல்லூரி டிப்ளோமாவுக்கு முயற்சி செய்யுங்கள், அரசாங்கத்தில் எண்ணப்படுவது அது.

2024 ஓகஸ்ட் 11

மேலே எழுதியது கொஞ்சம் சுருக்கென்று விழுந்துவிட்டது போல, இரண்டு பேர் மனம் சோர்ந்து எழுதியிருக்கிறார்கள். சான்றிதழுக்காகச் செய்யும் கடைசி டிசைன் வேலை மிகவும் பெறுமதியானது. அதை விட்டுவிடாதீர்கள். வேலை வெட்டிக்கு நடுவே, யாரும் கேட்காவிட்டால் நாம் காணியை அளந்து வரைபடம் போட மாட்டோம். ஆசிரியர் கேட்கிறார் என்பதற்காகவே செய்வோம். என் வரைபடத்தைப் பார்த்து ஆசிரியர் எழுதிய முதல் கேள்வி, இந்தப் பாதையில் மழை நாளில் பாரம் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் யார் என்பது. அம்மா என்று எழுதினேன். பாதையை மாற்றினேன்.

2024 ஒக்டோபர் 6

தலவாக்கலைத் தம்பி காசு கட்டிச் சேர்ந்துவிட்டார், டிசைனுக்கு வீட்டுக் காணியையும் பின் சரிவையும் எடுத்திருக்கிறார். மழை தொடங்கிவிட்டது, இப்போது என்ன செய்ய என்று கேட்கிறார்.

தம்பி, பெரிய மண் வேலை எதுவும் இப்போது வேண்டாம். கிளறிய மண் முதல் பெருமழையில் போய்விடும். நல்ல மழையில் குடையோடு காணி முழுக்க நடந்து, தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். போனில் வீடியோ எடுத்து வைத்தால் வரைபடத்துக்கு உதவும். அடைபட்ட பழைய கான் இருந்தால் மண்ணை அள்ளித் திறந்துவிடுங்கள், அது மட்டும் இன்றே செய்ய வேண்டிய வேலை.

அப்படி நடக்கும்போது நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது தூண், இல்லாத இடத்தில் ஊற்று, கலங்கி வரும் ஊற்று, திடீரென நின்றுபோன ஊற்று, இதில் எது கண்ணில் பட்டாலும் டிசைனை மறந்துவிட்டு வீட்டாரை வெளியே எடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் சொல்லுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் எச்சரிக்கையில் உங்கள் பிரதேசச் செயலகப் பெயர் வருகிறதா என்று தினமும் பாருங்கள்.

சரிவு உறுதியாக இருந்தால், மழை கொஞ்சம் ஓய்ந்த நாளில் வெட்டிவேர் வையுங்கள். மட்டம் பிடித்த கோட்டில், 10 முதல் 15 சென்ரிமீற்றருக்கு ஒரு பிடி, இடைவெளி விடாமல் ஒரே வரி. வேர் நேர்கீழே 3 மீற்றர் வரை இறங்கும், பக்கத்துப் பயிரோடு போட்டி போடாது, மேலிருந்து வரும் மண்ணைத் தடுத்துத் தானாகவே படிக்கட்டு உருவாகும். உங்கள் குளிரில் மெதுவாக வரும். வராத இடத்தில் மானாப்புல் வையுங்கள், பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மண் தேற்றத் தோட்டங்களே போடுகிற புல் அது. வெட்டிவேர்க் கன்று என்னிடம் இருக்கிறது, நவம்பரில் அக்கா வீட்டுக்கு ஹட்டன் வருவேன், சாக்கில் கட்டிக் கொண்டுவருகிறேன்.